கல்லடியில் ஒரு வழங்கி, அக்கரைப்பற்றில் ஒரு வழங்கி: கூட்டிணைந்த சமூக வலை அமைத்த அனுபவம்

இலங்கையின் மட்டக்களப்பு நகரைச் சேர்ந்த கல்லடியில் எங்கள் வாசிகசாலையின் பின்னறையில், ராஸ்பெரி பை 4 என்னும் சிறு கணினியில் (இனி 'பை'), கோடுசோஷல் என்ற சமூக வலை மென்பொருள் இயங்குகிறது. அம்பாறை மாவட்டத்தின் அக்கரைப்பற்று நண்பர்கள் வாடகைக்கு எடுத்த வழங்கி (சர்வர்) ஒன்றில் அதே வகையைச் சேர்ந்த மாஸ்டடன் என்ற மென்பொருளை நிறுவியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நிர்வாகம் வேறு, விதிகள் வேறு, மென்பொருளும் வேறு. ஆயினும் இங்கே ஒருவர் எழுதுவதை அங்கே இருப்பவர் தமது கைத்தொலைபேசியில் படித்து, தமது வழங்கியிலிருந்தே மறுமொழி எழுத, அது எங்கள் வாசகரின் திரைக்கு வந்து சேர்கிறது. இதை அமைத்த விதத்தையும், இடையில் வந்த ஒரு பழுதைக் கண்டுபிடித்துத் திருத்திய விதத்தையும், வேறு ஊர்களில் இதே வேலையில் இறங்க நினைப்பவர்களுக்காக எழுதிவைக்கிறேன்.

தொடங்குமுன் ஒன்றை விளங்கிக்கொண்டால் பின்னால் வரும் எல்லாம் எளிதாகும். இத்தகைய வலையில் பொதுவான களஞ்சியம் எதுவும் இல்லை. ஒவ்வொரு வழங்கியும் தன் மக்கள் எழுதியவற்றின் மூலத்தையும், அவர்கள் பின்தொடரும் வெளியாட்கள் எழுதியவற்றின் பிரதியையும் தன்னிடமே வைத்திருக்கிறது. வழங்கிகள் ஒன்றுக்கொன்று செய்வதெல்லாம், மூலத்திலிருந்து பிரதியை அனுப்புவதும், அந்தப் பிரதி உண்மையானதுதானா என்று சரிபார்ப்பதும்தான். இந்த வலையின் பலங்களும் தொல்லைகளும் பெரும்பாலும் இதிலிருந்தே பிறக்கின்றன.

எங்கள் தேவை எளிமையானது. கூத்து அரங்கேற்றச் செய்திகள், பழைய புகைப்படங்கள், வாசிகசாலைக்கு வந்த நூல்களின் விவரம், மாரி காலத்தில் எந்த வீதியில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்ற அறிவிப்பு ஆகியவை ஊராரின் கையிலேயே இருக்க வேண்டும் என்று விரும்பினோம். 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னரும், 2022 ஏப்ரல் 3 ஆம் திகதியும் இலங்கையில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டதை இங்கே எவரும் மறந்துவிடவில்லை. சிறிய வழங்கி வைத்திருப்பவருக்கு முடக்கம் வராது என்று நான் சொல்லவில்லை. இணைய இணைப்புத் தரும் நிறுவனம் எந்த ஆள்களப் பெயரையும், அதாவது வழங்கியின் இணையப் பெயரையும், தடுக்க முடியும். ஆனால் எழுதியவையும் படங்களும் எங்கள் அறையிலுள்ள வட்டில் இருப்பதும், எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் தயவில் இருப்பதும் ஒன்றல்ல.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதில் அதிக நேரம் செலவழியவில்லை. 2016 இல் ஜெர்மனியில் ஓய்கன் ரொக்கோ வெளியிட்ட மாஸ்டடன் பலருக்கும் தெரிந்தது; ஆனால் அது ரூபி, போஸ்ட்கிரஸ், ரெடிஸ், பின்னணி வேலைகளுக்கான சைட்கிக் என்று பல பாகங்களைக் கேட்பதால் நினைவகம் நிறையத் தேவைப்படும். கோடுசோஷல் ஒரே நிரல். எஸ்க்யூலைட் என்னும் ஒற்றைக் கோப்புத் தரவுத்தளத்தோடு சில நூறு மெகாபைட் நினைவகத்தில் இயங்கிவிடும். எழுதுவதற்கென அதற்குச் சொந்த முகப்பு கிடையாது. டஸ்கி போன்ற மாஸ்டடன் செயலிகளே அதனோடும் பேசும். எங்களுக்கு அதுவே வசதியாக இருந்தது, ஏனென்றால் எல்லோரும் கைத்தொலைபேசியிலிருந்தே எழுதுகிறார்கள். நினைவட்டையில் தரவுத்தளத்தை வைக்க வேண்டாம். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் அது விரைவில் பழுதாகும். யூஎஸ்பி வழியாக இணைத்த எஸ்எஸ்டி வட்டையே பயன்படுத்தினோம்.

வாசிகசாலையின் இணைய இணைப்புக்கென்று தனியான பொது ஐபி முகவரி இல்லை. ஒரே முகவரியை நிறுவனம் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. ஆகவே வெளியிலிருந்து எவரும் பையின் கதவைத் தட்ட முடியாது. மிகச் சிறிய வெளிநாட்டு வழங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதற்கும் பைக்கும் இடையே வயர்காட் என்னும் மறைகுறியாக்கப்பட்ட பாதையை அமைத்தோம். உலகம் தட்டுவது அந்த வாடகை வழங்கியின் கதவை. அது வந்ததை அப்படியே கல்லடிக்குக் கடத்துகிறது. தரவு எதுவும் அங்கே தங்குவதில்லை.

ஆள்களப் பெயரைத் தேர்வதில் மட்டும் அவசரப்படக் கூடாது. ஒருவரின் முழு முகவரி அவருடைய பெயரும் வழங்கியின் பெயரும் சேர்ந்தது. பிற வழங்கிகளில் உள்ள ஒவ்வொரு பிரதியிலும் அந்த முகவரி பொறிக்கப்பட்டுவிடுவதால், மக்கள் சேர்ந்த பிறகு அதை மாற்ற வழியில்லை. யாருடைய பொறுப்பில் அந்தப் பெயர் பதிவாகிறது, ஆண்டுதோறும் யார் புதுப்பிப்பது என்பதையும் எழுத்தில் தீர்மானித்துக்கொண்டோம். பெயர் ஒரு தனியாளிடம் இருந்து, அவர் வெளிநாடு போய்விட்டால், ஊருக்கே முகவரி போய்விடும். பயனர் பெயர்களை ஆங்கில எழுத்தில்தான் வைக்க முடிந்தது. காட்சிப் பெயரைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

ஒரு பதிவு போகும் வழி

வழங்கிகள் பேசிக்கொள்ளும் நெறிமுறையின் பெயர் ஆக்டிவிட்டிபப். வேர்ல்ட் வைட் வெப் கூட்டமைப்பு அதை 2018 ஜனவரி 23 அன்று தனது பரிந்துரையாக வெளியிட்டது. இரண்டு வழங்கிகளையும் இணைத்த நாளில், எங்கள் உறுப்பினர் ஒருவர் எழுதிய ஒரு வரியை அதன் முழுப் பயணத்திலும் கவனித்தேன்: "கிரான் – புலிபாய்ந்தகல் வீதியில் தண்ணீர் ஏறிவிட்டது, மோட்டார் சைக்கிளில் போகவேண்டாம்."

அதற்கு முன்னரே அக்கரைப்பற்றில் சிலர் அவரைப் பின்தொடர்ந்திருந்தார்கள். பின்தொடர்வதற்கு, அங்கிருந்த மாஸ்டடன் முதலில் எங்கள் ஆள்களத்திடம் வெப்ஃபிங்கர் என்னும் விசாரணை முறையில் "இந்தப் பெயருடையவர் உங்களிடம் இருக்கிறாரா" என்று கேட்டது. எங்கள் வழங்கி அவருடைய நிலையான முகவரியைச் சொன்னது. அந்த முகவரியில் அவருடைய பெயர், படம், உள்பெட்டியின் இடம், அவருடைய கையொப்பத்தைப் பிறர் சரிபார்க்க உதவும் பொதுச் சாவி ஆகியவை அடங்கிய சிறிய ஆவணம் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்ட மாஸ்டடன், அவருடைய உள்பெட்டிக்குப் பின்தொடரும் கோரிக்கையை அனுப்பியது. எங்கள் வழங்கி ஏற்புச் செய்தியைத் திருப்பி அனுப்பியது. அந்த நேரத்திலிருந்துதான் எங்கள் வழங்கி, அவர் எழுதும் ஒவ்வொன்றையும் அக்கரைப்பற்றுக்கு அனுப்பக் கடமைப்பட்டது.

அவர் அந்த வரியை எழுதி அனுப்பியதும், பையின் தரவுத்தளத்தில் அது நிலையான இணைய முகவரியோடு சேமிக்கப்பட்டது. பிறகு "இன்னார் இதைப் படைத்தார்" என்று சொல்லும் உறைக்குள் வைக்கப்பட்டது. உறையின் மீது அனுப்பும் நேரமும், உள்ளடக்கத்தின் சுருக்க எண்ணும் (உள்ளடக்கம் மாறினால் தானும் மாறும் எண்) எழுதப்பட்டு, அவை யாவும் எங்கள் வழங்கியில் மட்டும் இருக்கும் அவருடைய அந்தரங்கச் சாவியால் கையொப்பமிடப்பட்டன. அக்கரைப்பற்றில் அவரைப் பின்தொடர்வோர் எத்தனை பேராக இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி போக வேண்டியதில்லை. மாஸ்டடன் வழங்கி எல்லோருக்கும் பொதுவான உள்பெட்டி ஒன்றை வைத்திருப்பதால் ஒரே பிரதி போதும். பெற்றுக்கொண்ட மாஸ்டடன், கையொப்பத்தை அவருடைய பொதுச் சாவியோடு ஒப்பிட்டு, நேரத்தையும் பார்த்து, சரியென்று கண்டபின் தன் தரவுத்தளத்தில் பிரதியைச் சேர்த்து, பின்தொடர்வோரின் காலவரிசையில் வைத்தது. இவ்வளவும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்து முடிகிறது.

இதே காரணத்தால், ஒரு பதிவின் கீழ் கல்லடியில் தெரியும் மறுமொழிகளும் அக்கரைப்பற்றில் தெரியும் மறுமொழிகளும் ஒன்றாக இருக்கமாட்டா. மூன்றாவது வழங்கியில் உள்ள ஒருவர் எங்கள் உறுப்பினருக்கு மறுமொழி எழுதினால் அது எங்களுக்கு வரும். அக்கரைப்பற்றில் அவரை எவரும் பின்தொடராவிட்டால் அங்கே போகாது. மாஸ்டடனின் புதிய பதிப்புகள் விடுபட்ட மறுமொழிகளைத் தேடிப் பெற முயல்கின்றன. எனினும் புதிதாகச் சேர்பவர்களுக்கு இதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் யாரோ மறைத்துவிட்டார்கள் என்ற சந்தேகம் வரும். எங்கள் பகுதியில் அப்படியான சந்தேகத்துக்கு இடம் வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

பழுது

ஒரு நாள் அக்கரைப்பற்று வழங்கியைப் பராமரிக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணனை இங்கே அப்படித்தான் அழைப்போம்) தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நேத்தையில இருந்து உங்கட பதிவு ஒண்டும் இங்க வரல்ல. எங்கட உங்களுக்கு வருதா?" வந்துகொண்டுதான் இருந்தது. ஒரு வழி மட்டும் அடைபட்டிருந்தது. எங்கள் வழங்கியின் செயற்குறிப்பைத் திறந்து பார்த்தபோது, அங்கே அனுப்பிய ஒவ்வொன்றுக்கும் 401 என்ற விடை திரும்பியிருந்தது. அதாவது உறை போய்ச் சேர்ந்தது, கையொப்பம் ஏற்கப்படவில்லை.

சாவி மாறியிருக்குமோ என்று முதலில் பார்த்தோம், அது மாறவில்லை. பிறகு காக்கா சொன்ன இன்னொரு செய்திதான் வழிகாட்டியது. அதற்கு முந்தைய வாரங்களிலேயே எங்கள் பதிவுகள் அவர்களுடைய காலவரிசையில் மேலே வராமல், சில மணி நேரத்துக்கு முன் எழுதியவை போலக் கீழே போய் அமர்ந்திருந்தனவாம். பையில் நேரத்தைக் கேட்டுப் பார்த்தேன். அரை நாளுக்கும் மேலாகப் பின்தங்கியிருந்தது.

காரணம் படிப்படியாக விளங்கியது. ராஸ்பெரி பை 4 இல் மின்கலத்தால் ஓடும் கடிகாரம் இல்லை. மின்சாரம் இல்லாத வேளையில் அதற்கு நேரமே இல்லை. இயங்குதளம் மணிக்கு ஒருமுறை நேரத்தை ஒரு கோப்பில் எழுதிவைத்து, மீண்டும் எழும்போது அந்தக் கோப்பில் உள்ள நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கும். பிறகு இணையத்திலுள்ள நேர வழங்கியைக் கேட்டுத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். அந்தக் கேள்வி யுடிபி 123 என்ற வாயில் வழியே போகிறது. வாசிகசாலையின் இணைப்பில் அந்த வாயில் அடைபட்டிருந்தது. ஆகவே ஒவ்வொரு மின்வெட்டின்போதும், வெட்டு நீடித்த நேரமும், கடைசியாகக் கோப்பில் எழுதியதற்குப் பின் கழிந்த நேரமும் சேர்ந்து பின்னடைவில் கூடிக்கொண்டே போயின.

பல வாரங்கள் ஏன் எதுவும் நிற்கவில்லை என்றால், உறையின் மேலுள்ள நேரம் சுமார் 12 மணி நேரம் வரை பழையதாக இருந்தாலும் மாஸ்டடன் ஏற்றுக்கொள்கிறது. யாரோ களவாக எடுத்த பழைய உறையை மீண்டும் அனுப்பி ஏமாற்றாமலிருக்கவே இந்த எல்லை வைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் பின்னடைவு அந்த எல்லையைத் தாண்டிய நேரத்தில் எல்லாம் ஒரேயடியாக நின்றன.

இன்னொரு புதிருக்கும் இதிலேயே விடை கிடைத்தது. மின்சாரம் திரும்பி வந்தபின் வயர்காட் பாதை உடனே எழாமல், சில வேளைகளில் பத்து நிமிடம், சில வேளைகளில் முக்கால் மணி நேரம் கழித்துத் தானாகவே எழுந்துவந்தது. வயர்காட்டில் இரு முனைகளும் கைகுலுக்கும், அதாவது இணைப்பைத் தொடங்கும், முதற் செய்தியில் நேரமுத்திரை ஒன்று இருக்கும். மறுமுனை தான் கடைசியாகக் கண்ட முத்திரையை நினைவில் வைத்துக்கொண்டு, அதைவிடப் பிந்தியதை மட்டுமே ஏற்கும். எங்கள் பை ஒவ்வொரு முறையும் கோப்பில் உள்ள பழைய நேரத்தில் விழித்ததால், வெட்டு வந்த தருணத்தை அதன் கடிகாரம் மீண்டும் எட்டும் வரை வாடகை வழங்கி அதைப் புறக்கணித்துக்கொண்டிருந்தது.

திருத்தம் மலிவானது. டிஎஸ்3231 என்னும் கடிகாரச் சில்லு பொருந்திய சிறு பலகை ஒன்றைப் பையின் ஊசிகளில் செருகினோம். மின்னழுத்தத்துக்கு 1 ஆம் ஊசி, தரவுக்கு 3, கடிகார அலைக்கு 5, தரைக்கு 9. துவக்கக் கோப்பில் அந்தச் சில்லின் பெயரைச் சொல்லும் ஒரு வரியைச் சேர்த்து, நேரத்தைக் கோப்பில் எழுதிவைக்கும் பழைய ஏற்பாட்டை நிறுத்தினோம். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மலிவுப் பலகைகளில் மின்கலத்துக்கு மின்னேற்றும் சுற்று இருக்கும். அவற்றில் மின்னேற்ற முடியாத சிஆர்2032 மின்கலத்தைப் போடுவது ஆபத்து. அந்தச் சுற்றின் மின்தடையைக் கழற்றிவிட வேண்டும், அல்லது பைக்கென்றே செய்யப்பட்ட, அந்தச் சுற்று இல்லாத சிறிய பலகையை வாங்க வேண்டும்.

கடிகாரம் சரியாக விழித்தால் வயர்காட் உடனே எழும். ஆகவே நுண்ணிய திருத்தத்தை அந்தப் பாதை வழியாகவே பெற ஏற்பாடு செய்தோம். வாடகை வழங்கியில் குரோனி என்னும் நேர மென்பொருளை நிறுவி, பை தன் நேரத்தை அதனிடமே கேட்கும்படி அமைத்தோம். அடைபட்ட வாயிலைப் பற்றி இனிக் கவலையில்லை.

நேரம் திருத்தப்பட்டவுடன் புதிய பதிவுகள் அக்கரைப்பற்றுக்குப் போகத் தொடங்கின. இடையில் மறுக்கப்பட்டவை தாமாகப் போகவில்லை. அவற்றில் முக்கியமானவற்றின் இணைய முகவரிகளை காக்காவுக்கு அனுப்பினேன். அவர் மாஸ்டடனின் தேடல் பெட்டியில் ஒவ்வொன்றையும் ஒட்ட, அவருடைய வழங்கி எங்களிடம் வந்து பிரதியை எடுத்துக்கொண்டது. அனுப்பத் தவறியதைக் கேட்டுப் பெறவும் வழியிருப்பது இந்த நெறிமுறையின் அழகு.

நீண்ட மின்வெட்டில் நாங்கள் முற்றாக மறைந்துபோனால் என்ன ஆகும் என்பதையும் அப்போதே விசாரித்து வைத்தேன். மாஸ்டடன் ஒரு பதிவை அனுப்ப முடியாவிட்டால், இடைவெளியைக் கூட்டிக்கூட்டி ஏறக்குறைய இரண்டு நாள் முயல்கிறது. 7 வெவ்வேறு நாட்களில் தோல்வி பதிவானால் அந்த வழங்கியை எட்டமுடியாதது என்று குறித்துக்கொண்டு அனுப்புவதை நிறுத்துகிறது. பின்னர் அந்த வழங்கியிலிருந்து ஏதேனும் செய்தி வந்தால் குறிப்பை அழித்துவிட்டு மீண்டும் அனுப்பத் தொடங்குகிறது. ஆகவே நீண்ட இடைவெளிக்குப் பின் எழும் வழங்கியிலிருந்து முதலில் நாமே ஏதாவது எழுத வேண்டும்.

விதிகளும் நீக்கங்களும்

மட்டக்களப்புக் கோயில் ஒவ்வொன்றுக்கும் தனி வண்ணக்கர்மார், அதாவது கோயில் நிர்வாகிகள், இருக்கிறார்கள். ஒரு கோயிலின் வண்ணக்கர் மற்றக் கோயிலின் நடைமுறையில் தலையிட முடியாது, ஆனால் திருவிழாவுக்கு எல்லா ஊராரும் வருவார்கள். வழங்கிகளின் நிர்வாகமும் அப்படியே. அக்கரைப்பற்றில் ஒருவர் எங்கள் விதிக்கு மாறாக எழுதினால் அவருடைய கணக்கை நாங்கள் மூட முடியாது. அவருடைய பதிவுகள் எங்களுக்குத் தெரியாமல் செய்யலாம், முறைப்பாட்டை அவருடைய வழங்கிக்கே அனுப்பலாம், வேறு வழியே இல்லாவிட்டால் அந்த வழங்கியோடு உறவை முற்றாகத் துண்டிக்கலாம். துண்டிப்பு அங்குள்ள நல்லவர்களையும் சேர்த்தே வெட்டிவிடுவதால், அதற்கு முன் நிர்வாகிகள் தொலைபேசியில் பேச வேண்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டோம். தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த ஊர்களில் வாழும் இக்கரையோரத்தில், ஒரு வதந்தி எவ்வளவு தூரம் போகும் என்பதை அறிந்தவர்கள் நாங்கள். ஆகவே வெள்ளம், விபத்து, கலவரம் பற்றிய பதிவுகளை நேரில் பார்த்தவர் மட்டுமே எழுத வேண்டும் என்ற விதியை இரு வழங்கிகளிலும் ஒரே சொற்களில் வைத்திருக்கிறோம். இணையப் பதிவுகள் பற்றிய, 2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நடைமுறையில் இருப்பதால், வழங்கி நடத்த முன்வருபவர் அதை முழுமையாகப் படித்துவிட்டே தொடங்க வேண்டும்.

நீக்கம் பற்றி உறுப்பினர்களுக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. ஒருவர் தன் பதிவை நீக்கும்போது எங்களிடமுள்ள மூலப் பதிவு அழிந்து, பிரதி வைத்திருக்கும் வழங்கிகளுக்கு "இதை நீக்குங்கள்" என்ற செய்தி போகிறது. ஒழுங்காக நடக்கும் வழங்கிகள் நீக்கிவிடும். அந்த நேரத்தில் நிறுத்தப்பட்டிருக்கும் வழங்கியிலோ, செய்தியை மதிக்காத வழங்கியிலோ பிரதி தங்கிவிடலாம். வெள்ள அறிவிப்புகளுக்கு இதனால் ஒரு நடைமுறை வைத்தோம்: தண்ணீர் வடிந்தபின் பழைய பதிவை நீக்காமல், "காலை நிலவரப்படி வீதி திறந்திருக்கிறது" என்று அதையே திருத்துவோம். எழுதிய நேரத்தையும் பதிவுக்குள்ளேயே எழுதுவோம், பிரதி எங்கே தங்கினாலும் படிப்பவருக்கு நேரம் தெரியட்டும் என்பதற்காக.

வேறு வழங்கிக்கு மாற விரும்புபவர் தம்மைப் பின்தொடர்வோரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அதற்கு நெறிமுறையில் வழியுண்டு. எழுதியவை கூடவே போகமாட்டா, அவை பழைய வழங்கியிலேயே இருக்கும். ஆகவே எவரும் கேட்டால் அவருடைய பதிவுகளையும் படங்களையும் கோப்பாக எடுத்துக் கொடுப்பது என்று தீர்மானித்திருக்கிறோம்.

வெளியிலிருந்து வரும் படங்களின் பிரதிகளால் வட்டு நிறையும். கோடுசோஷல் குறித்த நாட்களுக்குப் பின் அவற்றை அழித்துவிட்டு, எவராவது கேட்டால் மீண்டும் எடுத்துக்கொள்ளும். அந்தக் கால எல்லையை இயல்பாக உள்ள 7 நாளிலேயே விட்டிருக்கிறோம். எங்கள் உறுப்பினர்களின் படங்கள் அழியமாட்டா.

காப்புப்பிரதியைப் பற்றி மட்டும் கண்டிப்பாக இருக்கிறோம். உறுப்பினர் ஒவ்வொருவரின் அந்தரங்கச் சாவியும் தரவுத்தளத்துக்குள்ளேயே இருக்கிறது. தரவுத்தளம் தொலைந்து, அதே பெயரில் வெறும் வழங்கியை மீண்டும் நிறுவினால், மற்ற வழங்கிகள் தங்களிடமுள்ள பழைய பொதுச் சாவியோடு புதிய கையொப்பத்தை ஒப்பிட்டுப் பொருந்தவில்லை என்று தள்ளிவிடக்கூடும். எனவே இரவுதோறும் தரவுத்தளக் கோப்பு மறைகுறியாக்கப்பட்டு அக்கரைப்பற்றுக்குப் போகிறது. அவர்களுடையது கல்லடிக்கு வருகிறது. மறைகுறியீட்டைத் திறக்கும் கடவுச்சொல் அந்தந்த ஊரில் இருவரிடம் தாளில் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. மாதம் ஒருமுறை கோப்பை வேறொரு கணினியில் திறந்து, உண்மையிலேயே இயங்குகிறதா என்று பார்த்துக்கொள்கிறோம். அந்தச் சோதனையின்போது அந்தக் கணினியை இணையத்தோடு இணைக்க வேண்டாம். ஒரே பெயரில், ஒரே சாவியோடு இரண்டு வழங்கிகள் பேசத் தொடங்கிவிடும்.